டேலைட்

பகல் வெளிச்சம் என்பது நேர்ப்பொருள். அமெரிக்கக் கால்பந்தில், மோதி நெருக்கும் உடல்களுக்கிடையே திடீரெனத் திறக்கும் வெளி.

கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த வின்ஸ் லொம்பார்டியால் புகழ்பெற்ற சொல் இது. 1963இல் வெளியான அவருடைய நூலின் பெயரே 'ரன் டு டேலைட்'. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், வரைந்து கொடுத்த தடத்திலேயே கண்மூடித்தனமாகப் பாயக்கூடாது என்பது அவர் பாடம். முன்னால் ஓடும் தோழர் எதிராளியை வெளிப்பக்கம் தள்ளினால் உட்பக்கம் வெட்டித் திரும்பு. உள்ளே தள்ளினால் வெளியே போ. முடிவெடுக்கக் கண்ணிமைக்கும் நேரம்தான்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடிய ரன்னிங் பேக் லெவியோன் பெல் பந்தை வாங்கியதும் ஏறக்குறைய நின்றேவிடுவார். வெளி திறந்த பிறகே பாய்வார். வேகத்தைவிட அரிய திறமை இந்தப் பொறுமைதான். 2016இல் 12 ஆட்டங்களில் 1,268 கெஜம் ஓடினார்.