மங்கலாக இருக்கும் உரிமை

1

குடும்பத்தில் ஒருவர் இருக்குமிடத்தை இன்னொருவர் தம் கைபேசி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளும் வசதியின் வரலாறு, வழக்கமாகத் துல்லியத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முதலில் ஊர் தெரிந்தது, பிறகு தெரு தெரிந்தது, இப்போது வாசலே தெரிகிறது என்கிற முன்னேற்றக் கதையாடல். இதை நான் மறுபக்கத்திலிருந்து வாசிக்க விரும்புகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் மங்கலாக இருக்கிற அதிகாரம் யார் கையில் இருந்தது, யாரிடமிருந்து போனது என்பதே என் கேள்வி.

மங்கல் முதலில் அரசின் சொத்தாக இருந்தது. 1983 செப்டம்பர் 1 அன்று தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதையடுத்து, அமெரிக்க இராணுவத்தின் ஜி.பி.எஸ். குடிமக்கள் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. கொடுத்தார்கள்தான், ஆனால் வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்தார்கள். இராணுவத்துக்குத் தெளிவு, மற்றவர்களுக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் குத்துமதிப்பு. கிளின்டன் உத்தரவுப்படி 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் இந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. குடிமகன் துல்லியமாகத் தெரியலானது அதற்குப் பிறகு. யாருக்குத் தெரிய வேண்டும் என்ற கேள்வியும் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது.

2

2006-இல் அமெரிக்காவில் ஸ்பிரிண்ட், வெரிசான் நிறுவனங்கள் பிள்ளைகளின் தொலைபேசி இருக்குமிடத்தைப் பெற்றோருக்குக் காட்டும் சேவைகளைத் தொடங்கின. எல்லாம் ஒரே நிறுவனத்து இணைப்புக்குள் நடந்த காரியம். பில் கட்டுகிறவர் பார்க்கிறவர். பில் கட்டாதவர் பார்க்கப்படுகிறவர். அதிகார உறவு இவ்வளவு பச்சையாகத் தெரிந்த காலம் பிறகு வரவில்லை.

2009 பிப்ரவரியில் கூகுளின் 'லாட்டிட்யூட்' வந்தது. பிளாக்பெர்ரி, சிம்பியன், விண்டோஸ், ஆண்ட்ராய்டு எனப் பலவகைப் போன்கள் ஒரே வரைபடத்தில் சேர்ந்தன. இதில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. பயன்படுத்துகிறவர் தம் இடத்தை மறைக்கலாம். ஊர் அளவில் மட்டும் காட்டலாம். தாமே ஓரிடத்தைக் குறித்து 'இங்கேதான் இருக்கிறேன்' என்றும் வைக்கலாம். அதாவது பொய் சொல்லவும் ஒரு பொத்தான் இருந்தது! 'கடைத்தெருவுலதான் இருக்கேன், இதோ வந்துர்றேன்' என்று வேறெங்கோ இருந்துகொண்டு சொல்லும், மனிதர்கள் காலங்காலமாகப் புழங்கிவரும் அந்தச் சின்னப் பொய்க்கு எந்திரத்துக்குள்ளும் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

ஐபோனுக்குள் அது எளிதில் நுழையவில்லை. தன் வரைபடச் செயலியோடு குழப்பம் வரும் என்று ஆப்பிள் சொல்ல, 2009 ஜூலையில் வெறும் இணையப் பக்கமாகவே லாட்டிட்யூட் ஐபோனுக்கு வந்தது. பக்கத்தை மூடினால் புள்ளி நகராது. 2010 டிசம்பரில்தான் தனிச் செயலி வந்தது. 2011 அக்டோபரில் ஆப்பிள் 'ஃபைண்ட் மை ஃப்ரெண்ட்ஸ்' என்ற தன் சொந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது; ஆப்பிள்காரர்களுக்கு மட்டும். 2013 ஆகஸ்டில் லாட்டிட்யூட் மூடப்பட்டது. இரண்டு பக்கமும் ஓடிய தனிச் செயலிகள் இருந்தன என்றபோதிலும், போனோடு கூடவே வந்த வசதிகள் இரண்டு சாதிகளாகப் பிரிந்து நின்றன.

இந்தச் சுவரை எழுப்பியது மூலதனப் போட்டி. யாருடைய சுதந்திரத்துக்காகவும் அது எழுப்பப்படவில்லை. ஆனாலும் அதன் நிழலில் ஒதுங்க இடம் இருந்தது. அண்ணன் கையில் ஐபோன், தங்கை கையில் ஆண்ட்ராய்டு என்றால், 'என் போன்ல அது வராதுண்ணே' என்று தங்கை சொல்லிவிட முடியும். மறுப்பாகத் தெரியாத மறுப்பு அது. பலவீனமானவர்களுக்கு இத்தகைய மறுப்புகளே அதிகம் கைகொடுக்கின்றன.

3

2017 மார்ச்சில் கூகுள் வரைபடத்துக்குள்ளேயே இருப்பிடப் பகிர்வு வந்தது; ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒருசேர. அக்டோபரில் வாட்ஸ்அப் நேரலை இருப்பிடத்தைக் கொடுத்தது. சுவர் விழுந்தது, குடும்பங்கள் நிம்மதி அடைந்தன. இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணுக்கும், விபத்தில் சிக்கியவரைத் தேடும் உறவினருக்கும் இது எவ்வளவு பெரிய துணை என்பதை மறுக்க நான் தயாரில்லை. ஆனால் லாட்டிட்யூடின் அந்த ஊர் அளவும், தானே குறிக்கும் புள்ளியும் கூகுள் வரைபடத்தில் திரும்பி வரவில்லை. எஞ்சியது காலவரம்பு மட்டும். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி. எட்டு மணி நேரம் என்றால் சரியாக ஒரு ஷிப்ட்! கூகுளிலோ 'நீங்களாக நிறுத்தும்வரை' என்பதும் உண்டு.

'நீங்களாக' என்ற இந்தச் சொல்லை நாம் கட்டுடைக்க வேண்டியிருக்கிறது. பொத்தானை அமுக்கிச் சம்மதம் தெரிவிக்கிற தன்னிலை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தனிமனிதன். பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்பது அவனுக்குச் சரி. குடும்பத்துக்குள் இருக்கிற மகளோ மனைவியோ அந்தத் தனிமனிதன் இல்லை. அவள் அணைத்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: 'ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா எதுக்கு ஆஃப் பண்ணினே?' போடுவது சம்மதம், அணைப்பது சாட்சியம். திரும்பப் பெற முடியாத சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

4

இங்கே உடனே ஃபூக்கோவை அழைப்பது வழக்கம். 1975-இல் வெளியான நூலில், பெந்தாம் வரைந்த வட்டச் சிறையை முன்வைத்து நவீன அதிகாரத்தை அவர் விளக்கினார். அந்தக் கோபுரத்தில் யார் இருக்கிறார்கள் என்பது கைதிக்குத் தெரியாது. நம் வீட்டுக் கோபுரத்தில் அம்மா இருக்கிறாள். சோறு எடுத்து வைத்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பல நேரங்களில் அவளும் இன்னொருவர் வரைபடத்தில் ஒரு புள்ளி. அன்பின் வழியாகவே பாய்கிற அதிகாரத்தைச் சிறைச்சாலை உருவகம் விளக்கிவிடாது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு நினைவுக்கு வருவது அகமரபு. தலைவி எங்கே என்பதே அங்கே பாதிச் சிக்கல். அலர் எழுந்தால் இற்செறிப்பு. உடன்போக்கு நிகழ்ந்தால் செவிலி பாலைவழியே தேடிப் போகிறாள். கலித்தொகையின் பாலைக்கலியில், எதிரே வரும் அந்தணர்களிடம் அவள் விசாரிக்கிறாள். அவர்கள் மறைப்பதில்லை, கண்டோம் என்கிறார்கள். ஆனால் அந்தத் தகவலை மீட்புக்கான கருவியாக்க மறுக்கிறார்கள். மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு என்ன பயன் என்று கேட்டு, அவள் போனது அறமே என்கிறார்கள். அந்தப் பதிலிலும் பெண் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் பொருள்தான். அதை நான் மறக்கவில்லை. என்றாலும், இருக்குமிடம் தெரிவது ஒன்று, திருப்பி இழுத்துவரும் உரிமை இன்னொன்று என்ற வேறுபாடு அப்பிரதிக்குத் தெரிந்திருக்கிறது. வரைபடப் புள்ளிக்கு அது தெரியாது. சாதி கடந்து ஒருவனை விரும்பும் பெண்ணுக்கு இது என்ன அர்த்தம் தரும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

5

பறிபோன மங்கலை ஓரளவு மீட்டவர்கள் அமெரிக்கப் பதின்வயதுப் பிள்ளைகள். பெற்றோர் விரும்பும் 'லைஃப் 360' செயலியை டிக்டாக்கில் கேலி செய்தார்கள்; மதிப்பீட்டில் கூட்டங்கூட்டமாக ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். 2020 அக்டோபரில் நிறுவனம் இறங்கிவந்து 'குமிழ்' என்ற வசதியைத் தந்தது. துல்லியப் புள்ளிக்குப் பதிலாகப் பெரிய வட்டம் ஒன்று தெரியும். அவசரம் என்றால் மற்றவர்கள் குமிழை உடைக்கலாம். உடைத்தது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதே நிறுவனம் பயனாளர்களின் இருப்பிடத் தரவுகளைத் தரகர்களுக்கு விற்றுவந்ததை 2021 டிசம்பரில் 'தி மார்க்அப்' இதழ் வெளிக்கொணர்ந்தது. அம்மாவுக்கு என்று கொடுத்தது சந்தைக்குப் போயிருக்கிறது.

சுவரின் இன்னொரு முகமும் உண்டு. 2021 ஏப்ரலில் ஆப்பிளின் ஏர்டேக் வந்தது. ஒரு பெண்ணின் பையில் ரகசியமாக அதைப் போட்டுப் பின்தொடர்ந்தால், அவளிடம் ஐபோன் இருந்தால் எச்சரிக்கை வரும். ஆண்ட்ராய்டு இருந்தால் வராது; அந்த ஆண்டு டிசம்பரில் வந்த செயலியிலும் அவளாகத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு வகைப் போன்களிலும் தானாக எச்சரிக்கை வரும் பொது ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம்தான் கொண்டுவந்தன. கண்டுபிடிக்கும் வசதி 2017-லேயே சுவரைத் தாண்டிவிட்டது. காப்பாற்றும் வசதிக்கு மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.

6

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவர், விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் வரைபடத்தில் தம் இருப்பிடத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் நிபந்தனை விதித்திருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் நடமாட்டத்தைப் போலீஸ் இடைவிடாமல் கண்காணிக்க வழிவகுக்கும் எந்த ஜாமீன் நிபந்தனையும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று சொல்லி அதை நீக்கினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தொடர்ச்சி இது.

ஆனால் 2023-இல் நிறைவேற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. வீட்டுக்குள் போலீஸ் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. விளைவு என்னவென்றால், ஜாமீனில் இருப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒரு மகளுக்கு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தை நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும்: இந்த வசதியைப் போடும் அன்றைக்கே, காரணம் சொல்லாமல் அணைக்கலாம், அணைத்ததற்கு விசாரணை கிடையாது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவும் அண்ணனும் அதே வரைபடத்தில் தெரிகிறார்களா என்பதிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.