மேடேறும் மிதிவண்டி: புதுச்சேரி செம்மண் மேடும் கியரின் வரலாறும்

புதுச்சேரி நகரம் மிதிவண்டிக்கு ஏற்ற ஊர் எனப் பெயர் பெற்றது. கடற்கரையை ஒட்டிய அதன் நேர்கோட்டுத் தெருக்களில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இத்தெருக்களில் 'பூஸ்-பூஸ்' எனும் வண்டி ஓடியது. பயணி முன்னால் அமர்ந்து கைப்பிடியால் வண்டியைத் திருப்புவார். ஓர் ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். மனித வலிமையால் வண்டி ஓட்டுவதற்குச் சமநிலம் பெரிதும் துணை செய்தது.

ஆனால் நகரத்தைவிட்டு வடமேற்கே சென்றால் நிலம் உயர்கிறது. திண்டிவனம் சாலையிலுள்ள கோரிமேடு தன் பெயரிலேயே மேட்டைக் கொண்டுள்ளது. அதற்கு வடக்கே, ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுடையது. மலை என்று சொல்ல முடியாத இந்த உயரமும் மிதிவண்டியில் வருபவருக்குப் பெரிய வேறுபாடுதான். குயிலாப்பாளையம், இடையன்சாவடி போன்ற மேட்டு ஊர்களிலிருந்து காலையில் நகரத்துக்கு வேலைக்கு வருபவருக்கு வழி இறக்கம். உழைத்துக் களைத்து வீடு திரும்பும்போது ஏற்றம்.

மேட்டின் கணக்கு

100 மீட்டர் தொலைவுக்கு 5 மீட்டர் உயரும் சாலையை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. பழைய சாலை வண்டியில் முன்சக்கரப் பற்கள் 44, பின்சக்கரப் பற்கள் 18 எனில், மிதியடியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். அந்த மேட்டில் ஒவ்வொரு சுற்றிலும் மிதியடியில் செலுத்த வேண்டிய சராசரி விசை, ஏறத்தாழ 23 கிலோ எடைக்குச் சமம். மிதியடி செங்குத்தாக நிற்கும் இடங்களில் விசை பயன்படாது. எனவே மற்ற இடங்களில் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். முன்னும் பின்னும் பற்கள் சமமாக உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீட்டர்தான் நகரும். தேவைப்படும் விசையும் ஏறத்தாழ 9 கிலோவாகக் குறையும்.

ஏறும் உயரம் மாறாததால் மொத்த வேலையும் மாறாது. குறைந்த கியர் வேலையைக் குறைப்பதில்லை. அதைப் பல சிறு மிதிகளாகப் பிரித்துத் தருகிறது. முழங்காலும் தொடைத் தசையும் தாங்குவது இதனால்தான்.

பிரான்சில் எழுந்த விவாதம்

இந்த உண்மையை வாழ்நாள் முழுவதும் பரப்பியவர் போல் தெ விவி (1853–1930). மலைகள் சூழ்ந்த செந்த்-எத்தியேன் நகரில் வாழ்ந்த இவர், 1887இல் மிதிவண்டி இதழ் ஒன்றைத் தொடங்கி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். பல கியர் கொண்ட வண்டிகளைத் தாமே மலைச்சாலைகளில் ஓட்டிச் சோதித்தார். பசிக்குமுன் உண்பது, தாகத்துக்குமுன் குடிப்பது, களைப்பு மேலிடும்வரை ஓட்டாமல் இருப்பது ஆகியன அவர் வகுத்த விதிகளுள் சில.

1903இல் தூர் தெ பிரான்சு போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சு இதற்கு எதிர்நிலை எடுத்தார். போட்டியை வெல்ல வேண்டியது மனிதனின் தசையே, இயந்திரமன்று என்பது அவர் கருத்து. 1910இல் போட்டி முதன்முறையாக 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைக் கடந்தது. வீரர்கள் பலர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றனர். இறங்காமல் ஏறிய குஸ்தாவ் கரிகுவுக்கு 100 பிராங்க் பரிசு கிடைத்தது. அந்நாளில் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்சக்கரங்கள் இருந்தன. கியர் மாற்ற, வீரர் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சங்கிலியைப் பல்லிலிருந்து பல்லுக்கு மாற்றும் கருவி அப்போட்டியில் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது.

ஒற்றைக் கியரின் நுட்பங்கள்

1937இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. எனினும் பிரான்சின் மலைச்சாலைக் கியர் இங்குள்ள உழைப்பாளியின் வண்டிக்கு வரவில்லை. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1956இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ சைக்கிள்ஸ் ஆகியவற்றின் சாலை வண்டிகளும் பெரும்பாலும் ஒற்றைக் கியர் கொண்டவையே. அவை உறுதியானவை, பழுதுபார்க்க எளியவை. பின்கேரியரில் பால் கேனும் மூட்டையும் தாங்குபவை. ஆனால் மேடு வந்தால் சுமை முழுவதும் ஓட்டுபவரின் காலில் விழுந்தது.

கியர் இல்லாத ஓட்டுநர்கள் பழக்கத்தால் சில வழிகளைக் கண்டனர். மேட்டுக்கு முன்பே வேகம் கூட்டுவது ஒன்று. இருக்கையிலிருந்து எழுந்து, உடல் எடையை மாறி மாறி மிதியடியில் இறக்குவது மற்றொன்று. மூன்றாவது, ஆளில்லாச் சாலையில் வளைந்து வளைந்து ஏறுவது. இதில் தொலைவு கூடுகிறது, சரிவு குறைகிறது. கியர் செய்யும் அதே வேலையைச் சாலையின் அகலம் செய்கிறது. போக்குவரத்து மிகுந்த இன்றைய சாலைகளில் இது ஆபத்தானது. இறுதி வழி, இறங்கித் தள்ளிச் செல்வது. தூர்மலேயில் உலகின் சிறந்த வீரர்களும் இதைத்தான் செய்தனர்.

இன்றைய முறை

கியர் வண்டி வைத்திருப்பவர் சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். கடுமையாக அழுத்தும்போது மாற்றினால் சங்கிலி கழலக்கூடும். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்றுகள் வரை சீராக மிதிப்பது பலருக்கும் ஏற்றது. நெடிய ஏற்றத்தில் அமர்ந்தே மிதிப்பது ஆற்றலைச் சேமிக்கும். எழுந்து மிதிப்பதைச் சிறிய செங்குத்துப் பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தில் காற்று குறையாமல் இருப்பதும், இருக்கை தாழ்ந்துவிடாமல் இருப்பதும் செலவில்லாத உதவிகள்.

கியரை வலிமையற்றவருக்கான சலுகை என எண்ணியவர்கள் அதைப் பந்தயத்தின் அளவுகோலால் பார்த்தனர். பந்தய வீரர் ஆண்டுக்குச் சில வாரங்களே மலையேறினார். செம்மண் மேட்டு ஊர்க்காரர் ஒவ்வொரு மாலையும் ஏறினார், பெரும்பாலும் சுமையோடு. அவருக்குத்தான் கியர் மிகவும் தேவைப்பட்டது.