பிக்காரி தாக்கூரும் போஜ்புரிக் கூத்தின் சொற்களும்

பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில், கங்கையாற்றின் தியாரா நிலப்பகுதியிலுள்ள குதுப்பூர் என்னும் சிற்றூரில், நாவிதர் குடும்பமொன்றில் 1887 டிசம்பர் 18ஆம் நாள் பிறந்தவர் பிக்காரி தாக்கூர். ‘பிக்காரி’ என்பதற்குப் பிச்சைக்காரன் என்பது பொருள். தமிழகத்தில் பிள்ளைகளுக்குப் பிச்சை, குப்பன் எனப் பெயரிடுவதையொத்த வழக்கம் வடக்கிலும் உண்டு. தலைவன் எனப் பொருள்படும் ‘தாக்கூர்’ என்னும் சொல்லோ அங்கு உயர்குடி நிலக்கிழாரின் பட்டமாகவும் நாவிதரின் குலப்பெயராகவும் ஒருங்கே வழங்குகிறது. அவரைப் பற்றி எழுதுவோர் அவருடைய பெயரிலேயே மொழிபெயர்ப்புச் சிக்கலைச் சந்தித்துவிடுகின்றனர்.

பள்ளிக்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. மாடு மேய்த்தும் சவரத்தொழில் செய்தும் வளர்ந்தவர், பிழைப்புத் தேடி வங்காளத்துக் கரக்பூர் சென்றார். மேதினிப்பூரில் கண்ட ராம்லீலா அவரை ஈர்த்தது. ஊர் திரும்பியதும் குழுவொன்றை அமைத்துக் கதை எழுதினார், பாட்டுக் கட்டினார், பாடினார், ஆடினார், நடித்தார், பிறரைப் பயிற்றினார், குழுவின் வரவுசெலவையும் தாமே பார்த்தார். எழுதியது தேவநாகரியில் அன்று, கணக்கெழுத்தாக வழங்கிய கைத்தி எழுத்தில். 1971 ஜூலை 10இல் அவர் மறையும்வரை இப்பணி நின்றதாகத் தெரியவில்லை. 1963இல் வெளிவந்த ‘பிதேசியா’ திரைப்படத்தில் அவர் சிறிது நேரம் தோன்றுகிறார்.

ராகுல சாங்கிருத்தியாயன் அவரைப் போஜ்புரியின் ஷேக்ஸ்பியர் என்றார். பாராட்டு உண்மையானதே, ஆயினும் அது அவரை அறிவதற்குப் பெரிதும் உதவவில்லை. அவருடைய ஆற்றல் போஜ்புரிச் சொற்களுக்குள் இருக்கிறது. ‘பிதேசியா’ என்னும் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். மணமான சில நாளில் மனைவியைப் பிரிந்து கல்கத்தா செல்லும் கணவன் அங்கு வேறொருத்தியுடன் வாழ்கிறான்; பட்டோஹி என்னும் வழிப்போக்கன் வழியே மனைவியின் செய்தி அவனை எட்டுகிறது; அவன் திரும்புகிறான்; அவனைத் தொடர்ந்து மற்றவளும் பிள்ளைகளோடு வந்து சேர்கிறாள். ‘பிதேஸ்’ என்பது இங்கு அயல்நாடு அன்று, கல்கத்தா. ஆதலின் ‘விதேசி’ என்னும் தமிழ் வடிவம் பொருந்தாது. ‘பரதேசி’ எனலாமோ எனின், அச்சொல் தமிழில் இரந்துண்பவனைக் குறிப்பதாயிற்று. நாடகத் தலைவனின் பெயர் ஆசிரியரின் பெயராகிவிடும். சொல்லின் ஈற்றிலுள்ள ‘-இயா’ மேலும் இடர்தருவது. போஜ்புரிப் பெயர்ச்சொல்லின் இந்நீள்வடிவம் நெருக்கத்தையும் உரிமையையும் உணர்த்துவது. ‘ஊர் கடந்து போனவனே’ என்று அழைக்கும் பெண்குரல் அதில் உள்ளது. தனிச்சொல்லாக அதனைப் பெயர்க்கத் தமிழில் விகுதி இல்லை.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு அகத்திணை மரபு எளிதில் கைகொடுக்கும் என்று தோன்றலாம். பொருள்வயிற் பிரிவு, தூது, பருவங்கண்டு இரங்கும் தலைவி ஆகிய யாவும் இந்நாடகத்தில் உள்ளன. தலைவியின் துயர் பன்னிரு மாதங்களையும் பாடும் பாரமாசாவாகவே விரிகிறது. எனினும் இவ்வுதவியை அளவோடு ஏற்றல் வேண்டும். பாலைத் தலைவன் ஈட்டச் செல்கிறான். போஜ்புரி உழைப்பாளி உண்ணச் செல்கிறான். மொரீஷியசுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக்கூலிகளாக ஆள் அனுப்புவது 1917க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் சணல் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் செல்லும் கூட்டம் நிற்கவில்லை. அக்கூட்டம் விட்டுச்சென்ற வீடுகளே இந்நாடகத்தின் களம்.

இதன் தொடர்ச்சியெனத்தக்கது ‘கபர்கிச்சோர்’. ஊர்நீங்கிய கணவன் பல்லாண்டுக்குப் பின் வந்து, தான் இல்லாதபோது மனைவிக்கு வேறொருவனால் பிறந்த மகனுக்கு உரிமை கோருகிறான், பெற்ற தந்தையும் கோருகிறான், தாயும் கோருகிறாள். பஞ்சாயத்தின் முன் தாய் கூறும் வாதம் அடுக்களையிலிருந்து எழுகிறது: பால் தன் வீட்டது, பிறன் தந்தது ஒரு துளி ‘ஜோரன்’, நெய் யாருடையது? பிரெக்டின் ‘காக்கசிய வெண்கட்டி வட்ட’த்தோடு இந்நாடகத்தை ஒப்பிடுவது திறனாய்வாளர் வழக்கம், ஆனால் இப்பாலும் துளியும் அங்கில்லை. ‘ஜோரன்’ என்பதற்குத் தமிழில் உறைமோர், பிரைமோர் எனும் சொற்கள் உள்ளமை நற்பேறே. ‘புளித்த தயிர்’ என்று பெயர்த்துவிட்டால் வழக்கே தோற்றுவிடும்.

கூத்துத்தொழிலின் சொற்களையும் இவ்வாறே கொள்ளலாம். பெண்வேடமிடும் ஆண் ‘லௌண்டா’. சிறுவனைக் குறிக்கும் இச்சொல்லில் ஏளனமும் கலந்திருக்கிறது. நம் நாடகமேடையின் ‘ஸ்திரீபார்ட்’ தொழிலைச் சுட்டுமேயன்றி இந்த ஏளனத்தைச் சுட்டாது. நச்சனியா என்று இகழப்பட்டவர்களைக் கொண்டே தாக்கூர் பெண்ணின் வழக்கை ஊரார்முன் வைத்தார் என்பதால், இவ்விழிவைத் துடைத்துவிட்டுப் பெயர்ப்பது வரலாற்றையே திருத்துவதாகும். முதியோரைப் பேணும் இல்லம் வேண்டும் என வாதிடும் அவரது நூல் ‘பூட்சாலா கே பயான்’. பாடசாலை, கோசாலை என்பவற்றின் அச்சில் வார்த்த சொல் ‘பூட்சாலா’. ‘பூட்’ என்பது இங்கு முதியவர். கவனமற்றவர் அதனைப் புத்தராக்கிவிடக்கூடும்.

2011 கணக்கெடுப்பில் ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரியைத் தாய்மொழியாகக் கூறினர். கணக்கு அவர்களை இந்தியின்கீழ்ச் சேர்த்தது. அண்டை மொழியான மைதிலி 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது, போஜ்புரி பெறவில்லை. இந்நிலையில் தாக்கூரின் படைப்புகளை 2005இல் தொகுத்து வெளியிட்டது பீகார் ராஷ்டிரபாஷா பரிஷத் என்பது ஒரு முரண்நகை. தொகுப்பு பயனுடையதே. ஆனால் சமாஜி எனப்படும் பின்பாட்டுக்காரர் எங்கே வரியைத் திருப்பினர், லபார் எனும் கோமாளி எதை இடைச்செருகினான் என்பனவற்றை அச்சு காட்டாது. அவற்றை உடலில் வைத்திருந்தவர்களுள் ஒருவர் சிறுவயதிலேயே அக்குழுவில் சேர்ந்து பெண்வேடம் கட்டிய ராம்சந்திர மாஞ்ஜி. 2021இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. முதுமையிலும் மேடையேறி ஆடிய அவர் 2022 செப்டம்பரில் பட்னாவில் காலமானார்.