அளந்தறிந்த பின்னரே எல்லை வகுக்கப்பட வேண்டும்

இயற்கை வளங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும், எவ்விடத்தை, எந்த எல்லை வரை, எம்முறையில் பாதுகாப்பது என்ற வினாவுக்கு நல்லெண்ணம் மட்டும் விடை தந்துவிடாது. அதற்கு முறையான ஆய்வு தேவை.

சாவகச்சேரிக்கு வடக்கே சரசாலையில் உள்ள குருவிக்காடு, கண்டல் மரங்களுக்கும் பறவைகளுக்கும் பெயர் பெற்றது. மாரிகாலத்தில் வடதிசை நாடுகளிலிருந்து வரும் பறவைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீரேரிகளில் தங்கிச் செல்கின்றன. இறாலும் மீன் குஞ்சுகளும் கண்டல் வேர்களிடையே வளர்கின்றன. ஆகவே கண்டற்காட்டின் அழிவு பறவைகளை மட்டுமன்றிக் கடற்றொழிலாளரின் வாழ்வாதாரத்தையும் பாதிக்கும்.

ஆய்வு பாதுகாப்புக்கு வழிகாட்டியமைக்கு ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள சுண்டிக்குளம் தக்க சான்றாகும். 1938இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அப்பகுதியின் பரப்பு 11,149 ஹெக்டேயர். யுத்தம் முடிவுற்ற பின்னர், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பல திணைக்களங்களுடன் இணைந்து வட மாகாணத்துக்கான ஒருங்கிணைந்த சுற்றாடல் மதிப்பீட்டை மேற்கொண்டன. 2014இல் வெளியான அவ்வறிக்கை, சுண்டிக்குளத்தை 19,565 ஹெக்டேயராக விரிவுபடுத்தித் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்துமாறு பரிந்துரைத்தது. 2015 ஜூன் மாதம் அது தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

பறவைகளைக் கணக்கெடுப்பதும் வெறும் பொழுதுபோக்கன்று. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின்படி, 20,000 நீர்ப்பறவைகள் வழமையாகக் கூடுமிடம் சர்வதேச முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அங்கு காணப்படினும் அத்தகுதி உண்டு. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்யாத இடத்துக்காக இத்தகைய வாதத்தை முன்வைக்க இயலாது.

ஆய்வின்றிச் செய்யப்படும் நற்பணியும் வீணாகக்கூடும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் கரையோரங்களில் கண்டல் கன்றுகள் பெருமளவில் நடப்பட்டன. இத்தகைய 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை எனக் கண்டறிந்தது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான முயற்சியில் 200 முதல் 220 ஹெக்டேயர் மாத்திரமே பலனளித்தது. நீர்மட்டம், உப்புச்செறிவு, அவ்விடத்துக்குரிய இனம் ஆகியவற்றைக் கருதாது நட்டமையும், நட்டபின் பராமரியாமையும் இதற்குக் காரணங்களாகும். நடப்பட்ட கன்றுகளை மட்டும் எண்ணி வெற்றி கொண்டாடுவது தகாது. ஐந்தாண்டுகளின் பின் எஞ்சியவற்றை எண்ணுவதே உண்மையான கணக்கு.

ஆய்வு என்பது செய்மதிப் படத்துடன் முடிந்துவிடுவதுமன்று. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் மீளத் திரும்பிய வேளையில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக்கப்பட்டன. தமது பூர்வீகக் காணிகள் அதனுள் அடங்கிவிட்டதாக அம்மக்கள் முறையிட்டனர். காடு அழிக்கப்படுவதாகச் சுற்றாடல் ஆர்வலர்கள் குற்றஞ்சாட்டினர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. சுண்டிக்குளத்திலும் எல்லை குறித்துத் தமிழ் மக்கள் ஆட்சேபம் எழுப்பியதுண்டு. இடம்பெயர்ந்தோர் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றைக்காடும் பழங்காடும் மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். களத்தில் இறங்கி, பழைய காணி உறுதிகளையும் ஊர் முதியோரின் சாட்சியத்தையும் பரிசீலித்தாலன்றி அவ்வேறுபாடு புலப்படாது.

எனவே தென்மராட்சியின் நீரேரிக் கரைகளிலும் முதலில் அளவீடும், அடுத்து மக்களுடனான கலந்தாலோசனையும், இறுதியில் வர்த்தமானி அறிவித்தலும் என்ற ஒழுங்கு பேணப்பட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பிரதேச செயலகம், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியன ஒன்றிணைந்து பறவை, கண்டல், மீன்வளம் பற்றிய தொடர்ச்சியான பதிவுகளைப் பேணுவது இதற்கு முதற்படியாகும். மக்கள் தாமும் பங்கேற்று அறிந்த எல்லையையே மனமுவந்து காப்பர் என்பதை அதிகாரிகள் மறந்துவிடலாகாது.