வைத்தியரின் கண்ணில் தாதியர்

போன வருடம் அம்மாவோடு வடக்கிலுள்ள ஒரு வைத்தியசாலை விடுதியில் ஐந்து இரவுகள் இருந்தேன். காலையில் வைத்திய நிபுணர் வந்ததும் தாதி சொன்னார்: "சேர், இரவு முழுக்க மூச்சு இழுத்தது. கால் வீக்கமும் கூடியிருக்கு. சலமும் குறைவாத்தான் போனது." வைத்தியர் ரிக்கற்றில் இருந்து கண்ணை எடுக்காமலே, சலம் போக ஊசி போடச் சொன்னார். என்ன ஊசி தேவை என்று தாதிக்கு முதலே தெரியும். ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்க உளமருத்துவர் லெனார்ட் ஸ்டெயின் 1967இல் எழுதிய கட்டுரையில் இதை "வைத்தியர் - தாதி விளையாட்டு" என்றார். தாதி ஆலோசனை சொல்வார், ஆனால் சொன்னதாகத் தெரியக்கூடாது. வைத்தியர் கேட்பார், ஆனால் கேட்டதாகத் தெரியக்கூடாது. 1990இல் அவரே சகாக்களோடு மறுபடி எழுதியபோது, தாதியர் அந்த விளையாட்டிலிருந்து விலகிவிட்டார்கள் என்றார். அது அமெரிக்கக் கதை. எங்கள் விடுதிகளில் அது இன்னும் நடக்கிறது.

இலங்கையில் தாதியர் சபைச் சட்டம் 1988இல் வந்தது. மூன்று வருடப் பயிற்சி பெற்றவர்களோடு பட்டதாரித் தாதியரும் இன்று இருக்கிறார்கள். இருந்தும், நான் பேசிய மூத்த வைத்தியர்கள் சிலருக்குத் தாதி என்பவர் உத்தரவை நிறைவேற்றும் கை மட்டுமே. பயிற்சிக் காலத்து இரவுக் கடமையில் தாதியரிடமே தொழில் பழகியதை ஒத்துக்கொண்டவர்கள் இளையவர்கள். (அவர்களும் நிபுணரானபின் என்ன சொல்வார்களோ!)

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. பென்சில்வேனியா வைத்தியசாலைகளில் லிண்டா ஐக்கன் குழு செய்த ஆய்வு 2002இல் வெளியானது. சத்திரசிகிச்சை நோயாளரில், ஒரு தாதி பார்க்கவேண்டியவர்கள் ஒருவரால் கூடும்போது, 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 வீதம் கூடியிருந்தது. கட்டிலருகே நிற்பவர் கவனிப்பதற்கு உயிரின் விலை உண்டு.

எங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் சுட்டபோது வைத்தியர்களோடு தாதியரும் இறந்தார்கள். 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மருந்தில்லாமல் காயம் கட்டிய கைகளில் தாதியரின் கைகளும் இருந்தன. அங்கிருந்த வைத்தியர்களின் பெயர்கள் உலகத்துக்குத் தெரியும். தெரியவேண்டியவைதான். அந்தத் தாதியரின் பெயர்களை யார் எழுதி வைத்தோம்?

அம்மாவின் கிளினிக் கொப்பியில் வைத்தியரின் கையொப்பம் இருக்கிறது. அந்தத் தாதியின் பெயர் என்ன என்று அம்மா இன்னும் கேட்கிறார். ஐந்து இரவும் நான் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டேன்.