உப்புமலையின் சாட்சியம்

நம் நாட்டு மருத்துவத்தில் இந்துப்புக்குத் தனியிடம் உண்டு. சிந்து நாட்டின் பெயரை ஏந்தி நிற்கும் இவ்வுப்பு உப்பளத்தில் விளைவதன்று. மலைக்குள் பாறையாக இறுகிக் கிடப்பது. இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் உப்புமலைத் தொடரும் அதிலுள்ள கேவ்ரா சுரங்கமும் இதற்குப் பெயர்பெற்றவை. அங்கு வெட்டிய உப்புக் கட்டிகளில் தட்டுகளும் விளக்குத் தண்டுகளும் செய்யப்பட்டதை அபுல் ஃபழ்ல் தமது ‘ஆயினே அக்பரீ’யில் குறித்துள்ளார்.

பண்டைக் கடல்நீர் வற்றி உப்பாக உறைந்தபோது, காற்றில் வந்து விழுந்த மகரந்தத் துகள்களும் அதனுள் சிக்கின. அவற்றின் புறவுறை எளிதில் அழியாதது. உப்பை நீரில் கரைத்து வடிகட்டி, எஞ்சியதை நுண்ணோக்கியில் நோக்கினால் அக்காலத்துத் தாவரங்களை அறியலாம்; உப்பின் வயதையும் கணிக்கலாம். ஆஸ்திரியாவில் வில்ஹெல்ம் கிளாவுஸ் 1953-இல் ஆல்ப்ஸ் உப்புமலைகளை இம்முறையில் ஆராய்ந்தார்.

அதற்கு முன்னரே இம்முறையைக் கையாண்டவர் பீர்பல் சாஹ்னி. உப்புமலைக்கு அணித்தான பேரா என்னும் ஊரில் 1891-இல் பிறந்தவர். கேவ்ரா உப்பைக் கரைத்தபோது மரத்துணுக்குகளும் பூச்சியின் உறுப்புகளும் அவருக்குக் கிடைத்தன. பூக்கும் தாவரத்தின் எச்சம் இருப்பதால், இவ்வுப்பு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் காலத்ததே என 1944-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

நிலவியலாளர் பலர் இதனை ஏற்கவில்லை. உப்பின் மேல் அமைந்த பாறை அடுக்குகளில் கேம்பிரியன் காலத்து உயிரெச்சங்கள் உள்ளன; கீழே கிடப்பது மேலே உள்ளதைவிட இளையதாவது எங்ஙனம் என வினவினர். புவியசைவால் பழம்பாறைகள் புதிய உப்பின்மேல் தள்ளப்பட்டிருக்கலாம் என்பது மறுதரப்பின் விடை. கருத்தரங்குகள் கூடியும் வழக்குத் தீரவில்லை.

இன்று அவ்வுப்பின் வயது 54 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதது என்பதே ஏற்கப்பட்ட முடிவு. நிலத்தில் தாவரம் தோன்றியது ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே அத்துணுக்குகள் பின்னாளில் புகுந்தவையே. உப்பு எளிதில் கரைந்து மீண்டும் உறையக்கூடியது. விரிசல்வழி இறங்கும் நீர் பிற்காலத் துகளையும் உள்ளே கொண்டுசேர்க்கும். சாட்சி உண்மையானது, ஆனால் அது அந்த இடத்திற்கு உரியதன்று. சாட்சி சொல்வதைக் கேட்குமுன் அது வந்த வழியை விசாரித்தல் வேண்டும் என்பதே இவ்வழக்கு தரும் பாடம்.

இத்தவறு சாஹ்னியின் பெருமையைக் குறைப்பதன்று. அவர் நிறுவிய லக்னோ தொல்தாவரவியல் நிறுவனத்திற்கு 1949 ஏப்ரல் 3-இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹ்னி மறைந்தார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த விஷ்ணு மித்ரே, குப்தா ஆகியோர் நீலகிரிச் சதுப்புகளில் புதைந்த மகரந்தத்தைக் கொண்டு சோலைக்காடுகளின் தோற்றத்தை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டனர். பெயரிலேயே சோலையைத் தாங்கிய தேவர்சோலையில் வாழும் நாம், பஞ்சாபின் உப்பில் தொடங்கிய அந்தத் தேடலுக்குக் கடன்பட்டுள்ளோம்.