தமிழ்நிலம் (மென்பொருள்)

தமிழ்நிலம் என்பது தமிழ்நாட்டின் நிலவுடைமைப் பதிவுகளைப் பேணுவதற்கு மாநில வருவாய்த்துறை பயன்படுத்தும் இணையவழி மென்பொருள் ஆகும். தேசிய தகவலியல் மையம் இதனை உருவாக்கியது. வட்டந்தோறும் தனித்தனிக் கணினிகளில் இருந்த பதிவுகள் இதன்மூலம் ஒருங்கிணைக்கப்பட்டன.

பின்னணி

நிலவுடைமைப் பதிவுகள் நெடுங்காலம் காகிதப் பதிவேடுகளாகவே இருந்தன. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

* அ-பதிவேடு: புல எண் வரிசையில் நிலத்தின் பரப்பு, வகை, தீர்வை ஆகியவற்றைக் கூறுவது.
* சிட்டா: ஒருவர் பெயரில் உள்ள நிலங்களைப் பட்டா எண்ணின்படி தொகுத்துக் காட்டுவது.
* அடங்கல்: சாகுபடி செய்யப்பட்ட பயிர் விவரங்களைக் கொண்டது.

1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யூ.டி.ஆர்.) இப்பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. நடுவண் அரசின் நில ஆவணக் கணினிமயமாக்கல் திட்டம் 1988-89 இல் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாகத் தமிழக வட்ட அலுவலகங்களில் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. எனினும் மாறுதல்கள் அந்தந்த வட்டக் கணினியிலேயே செய்யப்பட்டு வந்தன.

ஒருங்கிணைப்பு

2010களில் வட்டத் தரவுகள் தமிழ்நிலம் மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் பதிவானதும் அதன் விவரங்கள் பதிவுத்துறையிலிருந்து வருவாய்த்துறைக்கு இணையவழியில் அனுப்பப்படுகின்றன. உட்பிரிவு தேவைப்படாத பட்டா மாறுதல்களில் நிலத்தை அளக்க வேண்டியதில்லை. உட்பிரிவு தேவைப்படும்போது நில அளவர் இடத்தை அளந்து, புதிய உட்பிரிவு எண்ணுடன் வரைபடம் தயாரிக்க வேண்டும். இப்பணியைக் கணினியால் மட்டும் செய்ய இயலாது.

சங்கரன்கோவில் வட்டம்

சங்கரன்கோவில் வட்டம் 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அன்று புதிய தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. புதிய மாவட்டத்தின் இரு வருவாய்க் கோட்டங்களுள் ஒன்றுக்குச் சங்கரன்கோவில் தலைமையிடம் ஆகும். இன்று இவ்வட்டத்து நிலத்தின் பட்டா விவரங்களை, மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவற்றைக் கொண்டு எங்கிருந்தும் இணையத்தில் பார்வையிடலாம். பிழைப்புக்காக வெளியூரில் வாழ்வோருக்கு இது பயனுள்ளதாகும்.

சிக்கல்கள்

பழைய பதிவேட்டில் இருந்த பிழைகள் கணினிமயமாக்கலால் தாமாக நீங்கவில்லை. யூ.டி.ஆர். காலத்தில் தவறாக எழுதப்பட்ட பெயரும் பரப்பும், திருத்தப்படாத இடங்களில், அப்படியே தரவுத்தளத்தில் ஏறின. இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே தொடரும் பட்டாக்களும், பாகப்பிரிவினைக்குப் பின்னும் பிரிக்கப்படாத கூட்டுப் பட்டாக்களும் பல உள்ளன. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு ஆகியவற்றுக்கு நிலப் பதிவு கேட்கப்படுவதால் இக்குறைகள் உழவர்களை நேரடியாகப் பாதிக்கின்றன. பிரதமரின் உழவர் உதவித்தொகைத் திட்டம், 2019 பெப்ரவரி 1 அன்று பதிவேட்டில் இருந்த நிலவுடைமையைத் தகுதிக்கு அடிப்படையாகக் கொண்டது. ஆகவே நிலத்தை உழுபவராயினும், பெயர் மாற்றாதிருந்தவர் தகுதியை நிறுவுவதில் இடர்ப்பட நேர்ந்தது.

திருத்தம்

1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். அவரது ஆணையை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனுவும் செய்யலாம். பட்டா வருவாய்ப் பதிவே ஆகும். உரிமை குறித்த வழக்குகளில் உரிமையியல் நீதிமன்றமே முடிவு செய்யும்.

இவற்றையும் பார்க்க

* சங்கரன்கோவில்
* தென்காசி மாவட்டம்
* தேசிய தகவலியல் மையம்